எல்லைக் கம்பிக்கு அந்தப் பக்கம்

சாவியைத் திருப்ப மார்லிஸின் விரல்கள் நிமிரவில்லை. காலையிலிருந்து வான்கோழித் தொடையில் எலும்பு பிரித்த கை. கத்தியைக் கீழே வைத்து வெகுநேரம் ஆகியும் அது இன்னும் கத்தியைப் பிடித்தபடியே சுருண்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று உள்ளே ஓடுவது மாதிரி வலி. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சாவியை வைத்து, ஜெபம் பண்ணுகிறவள் மாதிரி கைகளைச் சேர்த்துத் திருகித்தான் கதவைத் திறந்தாள்.

உள்ளே நாற்றம் இருந்தது.

முதலில் தன் மேல்கோட்டில்தான் என்று நினைத்தாள். அவள் வேலை பார்க்கும் இறைச்சி ஆலையில் இறகு பிடுங்கிய பறவைகளை ஒரு தீச்சுவாலைக்கு நடுவே ஓட்டி மிச்சமிருக்கும் பூமயிரைப் பொசுக்குவார்கள். அந்த வாடை தோலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது புதிதில்லை. கோட்டைக் கழற்றிக் கொட்டிலில் மாட்டிவிட்டு வந்தாள். நாற்றம் போகவில்லை. படுக்கையறைப் பக்கமிருந்து வந்தது. அதன் பின்னாலேயே வெர்னனின் இருமலும் வந்தது.

வெர்னன் கட்டிலில் உட்கார்ந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூக்கில் செருகிய குழாய் கட்டிலோரத்து இயந்திரத்துக்குப் போனது. தானியக் கிடங்கில் இளவயது முழுக்கத் தின்ற தூசு அவன் நுரையீரலில் பாதியை அடைத்துவிட்டிருந்தது; மீதிப் பாதிக்கு அந்த இயந்திரம் காற்று ஊட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. சட்டத்தின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்திருந்தான். அப்படியும் கண்ணாடியின் உள்பக்கம், விளக்கு வெளிச்சத்தில், மெல்லிய சாம்பல்நிற நூலாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

"பின்வீட்டு டெல்மரா?" என்று கேட்டாள்.

"வேற யாரு. அந்த மனுஷன் மதியத்துலேருந்து குளிர் காயுறான்" என்றான் வெர்னன். சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "நகராட்சியில கேட்டா என்ன சொல்வாங்க தெரியும்ல. அது ப்ரென்னர் புகைங்க."

கோடையில் ஒரு தடவை ஹோல்ட் நகராட்சிக்குப் போய்க் கேட்டிருந்தார்கள். ஹோல்ட்டில் கொல்லையில் தீக்குழி வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் புகையென்று முறையிட்டால் அணைத்துவிட வேண்டும். ஆனால் அவர்கள் கொல்லைப் புல்வெளி முடிகிற இடத்தில் நிலத்தில் அறைந்திருந்த துருப்பிடித்த இரும்புக் கம்பியோடு ஹோல்ட் முடிந்துவிடுகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் ப்ரென்னர், வேறு ஊர். அங்கே சீட்டும் கிடையாது, புகைக்கு முறையீடும் கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான்: தீ இருக்கிற வரைக்கும் பக்கத்தில் வயதுவந்த ஒரு ஆள் இருக்க வேண்டும், யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் பொறுப்பு. நகராட்சிக்காரர் இதைச் சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டார். இந்த ஊர்களில் எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்பார்கள், எதையும் செய்ய மாட்டார்கள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றாள்.

"சூடா ஏதாச்சும் குடிச்சிட்டுப் போ. காப்பி போட்டு வச்சிருக்கேன்."

"வேணாம்."

"குடியேன்."

"வேணாம் வெர்ன்."

அவன் கோப்பையை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். "கட்டுனவன்கிட்டயே ரெண்டு தடவ வேணாம்னு சொல்லணும் உனக்கு" என்றான். அது அவளுடைய தாயார் வளர்த்த விதம். அவனுடைய தாயாரும் அப்படித்தான். யாராவது ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை மறுக்க வேண்டும், இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே வாங்குகிறவள் அலைகிறவள். மூன்றாம் தடவையும் மறுப்பவள் திமிர்பிடித்தவள். முதல் இரண்டு "வேண்டாம்"களை இங்கே யாரும் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

பின்கதவைத் திறந்தபோது குளிர் முகத்தில் அறைந்தது. அக்டோபர் கடைசி, இருட்டு சீக்கிரம் இறங்கிவிட்டிருந்தது. மேப்பிள் இலைகள் அவள் கால்களைத் தாண்டி, புல்லில் சரசரத்து, கம்பியைக் கடந்து டெல்மரின் கொல்லைக்குள் உருண்டு போயின. காற்று அவள் முதுகிலிருந்து அடித்தது. அதை அவள் கவனித்தாள், கவனித்துவிட்டு நின்றாள். காற்று இங்கிருந்து அங்கே போகிறது. புகையோ அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. உயரே எழாமல், புல்லோடு புல்லாக, முழங்கால் உயரத்தில் ஒரு பட்டையாக, காற்றுக்கு எதிராக ஊர்ந்து வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு, சுவரில் ஏறி, வெர்னனின் ஜன்னலைத் தடவிக்கொண்டிருந்தது.

டெல்மர் எழுந்து நின்றிருந்தார். குழியை விட்டு நாலைந்து எட்டு தள்ளி, கம்பிக்குப் பக்கத்தில், அவள் வருவதற்காகக் காத்திருந்தவர் மாதிரி. கோடை முழுக்க எந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் மனிதர் அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். போன வருஷம் அவருடைய மனைவி ஐரீன் அப்படி உட்கார்ந்திருப்பாள். ஐரீன் ஃபார்கோவில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாக அவர் சொல்லியிருந்தார். எப்போது வருவாள் என்று கேட்பது மரியாதையில்லை என்று யாரும் கேட்கவில்லை.

"வாம்மா மார்லிஸ்" என்றார் டெல்மர். குரல் அடுப்புக்கரி மாதிரி உலர்ந்திருந்தது. "உக்காரு."

"இல்லைங்க, இருக்கட்டும். வெர்னனுக்குப் புகை ஒத்துக்கல, அதான்…"

"நாள் பூரா நின்ன காலு. உக்காரும்மா."

"பரவால்லைங்க."

அவர் குழியோரம் போய் மடக்கு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். நைலான் பட்டை பின்னிய பழைய நாற்காலி. "உக்காரு" என்றார் மூன்றாம் தடவை.

அவள் கம்பியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். கால்கள் தாமாகவே மடிந்தன; ஆலையின் ஈரத்தரையில் நின்ற நாள் முழுவதும் அந்த நாற்காலியில் இறங்கியது. குழி என்றால் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தை நிலத்தில் பதித்தது. உள்ளே தீ தாழ்வாக, சத்தமில்லாமல் எரிந்தது. கட்டை வெடிக்கிற ஒலி இல்லை. பொறி இல்லை. அவள் கையை நீட்டினாள். வெப்பம் விரல்களில் பட்டதும் எலும்புக்குள் எதுவோ இளகியது. அந்தச் சுகத்துக்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

புகை நேராக மேலே போனது.

"அணைச்சிடுறேன்" என்றார் டெல்மர். "நீ கேட்டு இல்லைன்னு சொல்வேனா. உள்ள போய்த் தண்ணிக் குழாய எடுத்துட்டு வந்துடுறேன். எங்க ஊருச் சட்டம் உனக்குத் தெரியும், தீய ஆளில்லாம விடக்கூடாது. ஒரு நிமிஷம் பாத்துக்குறியா?"

கேட்கவே தேவையில்லாத கேள்வி அது. இங்கே ஒருவருக்கொருவர் வாசல் பனியைத் தள்ளிக் கொடுப்பார்கள், நாயைப் பார்த்துக்கொள்வார்கள், பிரேதத்தோடு ராத்திரி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நிமிஷம் தீயைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு ஏது.

"போயிட்டு வாங்க. நான் பாத்துக்குறேன்."

டெல்மர் உடனே போகவில்லை. அவளைப் பார்த்தபடி நின்றார். கண்களில் நீர் கோத்திருந்தது. புகையால் என்று நினைத்தாள். "நீயாத்தான் சொன்ன" என்றார் மெதுவாக. பிறகு திரும்பி நடந்தார். நடக்கவே மறந்துபோனவர் மாதிரி, ஒவ்வொரு காலையும் எங்கே வைப்பதென்று பார்த்துப் பார்த்து வைத்தார். அப்போதுதான் அவர் வெறுங்காலோடு போவதை மார்லிஸ் கண்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் அவருடைய வேலைப் பூட்ஸ் கிடந்தது. அடிப்பாகம் உருகி, தட்டையாகி, புல்லோடு ஒட்டியிருந்தது.

அவருடைய பின்கதவு சாத்தும் ஒலி கேட்டது. சமையலறையில் விளக்கு எரிந்தது.

அவள் காத்திருந்தாள்.

குழாய் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கிழவர் குளியலறைக்குப் போயிருக்கலாம். செருப்பைத் தேடலாம். தூரத்தில் நெடுஞ்சாலையில் சரக்கு வண்டிகள் போகிற இரைச்சல், அதற்கும் அப்பால் ரயில் கூவல், அவள் வீட்டுக்குள்ளிருந்து வெர்னனின் இயந்திரம் இழுத்து விடுகிற சீரான மூச்சு. அவன் இருமல் நின்றிருந்தது. அது ஆறுதலாக இருந்தது. தீயைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. சாம்பல் இல்லை. அடியில் கட்டை என்று எதுவும் இல்லை. டெல்மரின் கொல்லையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். விறகு அடுக்கு இல்லை. கோடையிலிருந்து நாள் தவறாமல் எரிகிற தீக்கு ஒரு சுள்ளிகூட அந்தக் கொல்லையில் கிடக்கவில்லை.

எழுந்தாள். கதவைத் தட்டிப் பார்க்கலாம் என்று மூன்று எட்டு வைத்தாள்.

பின்னால் வெர்னன் இருமினான்.

திரும்பிப் பார்த்தாள். புகை வளைந்திருந்தது. அதுவரை மேலே போனது, இப்போது யாரோ கழுத்தைப் பிடித்து அழுத்தின மாதிரி கீழே படிந்து, கம்பியைத் தாண்டி, புல்லில் ஊர்ந்து ஜன்னலுக்குப் போனது. இருமல் பலத்தது. இருமலுக்கு நடுவே மூச்சை உள்ளிழுக்கிற அந்தக் கீச்சொலி. அவள் ஓடிவந்து நாற்காலியில் விழுந்தாள்.

புகை நிமிர்ந்தது.

இருமல் நின்றது.

தற்செயலாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு மறுபடி எழுந்தாள், இந்தத் தடவை தன் வீட்டுப் பக்கம். இரண்டாவது எட்டிலேயே புகை அவளைத் தாண்டி முன்னால் போனது. உட்கார்ந்தாள். நிமிர்ந்தது. டெல்மரின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சமையலறை ஜன்னலில் அவர் தெரிந்தார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, வெளியே, நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையை ஆட்டினாள். அவர் ஆட்டவில்லை. முன்னால் தட்டு இல்லை, கோப்பை இல்லை.

ஒரு தகர வாளி குழியோரம் இருந்தது. மழைநீர் பாதி நின்றது. தூக்கிக் கொட்டினாள். சீறல், வெண்ணீராவி, ஒரு கணம் கருப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டாள். நீராவி விலகியபோது தண்ணீருக்கு அடியில் தீ எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஒரு கண்ணாடி மாதிரி மேலே நின்றது; அடியில், அசையாமல், அதே உயரத்தில் தீ. பிறகு தண்ணீர் வற்றியது.

தொலைபேசி சட்டைப்பையில் இருந்தது. விரல்கள் நிமிராததால் கைமுட்டியால் எண்ணை அழுத்தினாள். ஹோல்ட் தீயணைப்பில் எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள், முகவரி கேட்டாள், கம்பிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்றால் ப்ரென்னருக்குத்தான் சொல்ல வேண்டும் என்றாள். மன்னிப்புக் கேட்டாள். அவர்களுக்குத் தகவல் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

ப்ரென்னர் தன்னார்வத் தீயணைப்பிலிருந்து ஒரே ஒருவன் வந்தான். ட்ராவிஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது. பகலில் கூரை வேய்கிறவன் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. தார் கறுத்த நகங்கள். கைவிளக்கோடு சுற்றி வந்தான். அளவுநாடாவை இழுத்து வளையத்தை அளந்தான். குழியிலிருந்து டெல்மர் வீட்டுச் சுவர் வரைக்கும் அளந்தான். தலையாட்டினான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. அளவு சரி, தூரம் சரி. பக்கத்துல ஆளும் இருக்கு."

"அணைய மாட்டேங்குது."

"அப்ப நல்லா போட்ட தீ" என்று சிரித்தான். "எங்க வீட்டுல நான் போட்டா அரைமணியில செத்துரும், எம் பொண்டாட்டி கேலி பண்ணுவா."

அவள் புகையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். எழுந்தால் வளைகிறது, உட்கார்ந்தால் நிமிர்கிறது. சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறதென்று அவளுக்கே தெரிந்தது. அவன் முகத்தில் மரியாதை வந்து உட்கார்ந்தது. பைத்தியத்துக்கும் குடிகாரருக்கும் இந்த ஊரில் காட்டுகிற மரியாதை. புகைக்கு எங்கள் ஊரில் சட்டம் இல்லை என்றான்.

"இது என் தீ இல்ல தம்பி. அந்த வீட்டுக்காரரோடது. அவரக் கூப்பிடு."

அவன் போய்க் கதவைத் தட்டினான். பொறுத்து, மறுபடி தட்டினான். சமையலறை ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, சட்டென்று பின்வாங்கி, தொப்பியைத் தொட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"சாப்பிட உக்காந்திருக்காங்க. நடுவுல போய்த் தொந்தரவு பண்றது நல்லா இல்ல. முடிச்சதும் வருவாங்க."

"வருவாங்கன்னா?"

"ரெண்டு பேரும்தான் மேசையில இருக்காங்களே."

மார்லிஸ் நாற்காலியில் இருந்தபடியே உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்தாள். ஜன்னல் சட்டம் மறைத்திருந்த பாதி தெரிந்தது. டெல்மருக்கு எதிரே ஒரு முதுகு. நரைத்த கூந்தல் தோளில் விழுந்த முதுகு. கோடைக்காலச் சட்டை. பின்னந்தலையில் சிலந்தி கட்டிய வலை, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

ஐரீன் ஃபார்கோவுக்குப் போகவில்லை.

"தம்பி" என்றாள். "தம்பி, நீ கொஞ்சம்…" சொல்ல வந்ததை வாய்க்குள் பிடித்து நிறுத்தினாள். அவன் மனைவி கேலி பண்ணுவாள் என்று சொன்னான். வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். அவனைக் கேட்டால் அவன் சரி என்றுதான் சொல்வான். எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"குளிருக்கு நல்லா இருக்கு, காயுங்க" என்று சொல்லிவிட்டு அவன் போனான். வண்டியின் சிவப்பு விளக்கு மூலை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனை நேரம் என்று தெரியவில்லை. தொலைபேசி செத்திருந்தது. காற்று நின்றது. நெடுஞ்சாலை நின்றது. மயிர் பொசுங்கும் நாற்றம் மட்டும். அது தீயிலிருந்து வரவில்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவளுடைய கைகளிலிருந்து வந்தது. முன்கையில் ரோமம் இல்லை. அவள் பூட்ஸின் அடி இளகியிருந்தது. காலைத் தூக்கினால் புல்லும் கூடவே வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

ஜன்னலில் டெல்மரின் வாய் அசைந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. உடம்பில் வேறெதுவும் அசையவில்லை.

பிறகு அவள் வீட்டுப் பின்கதவு திறந்தது.

"மார்லி?"

வெர்னன். கம்பளிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, சக்கரம் வைத்த சின்ன ஆக்ஸிஜன் உருளையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, புல்லில் ஒவ்வொரு எட்டுக்கும் நின்று மூச்சு வாங்கி.

"உள்ள போ" என்றாள். "வெர்ன், உள்ள போ."

"நீ எங்க போனேன்னு பாத்தேன். அந்தாள் உன்னக் காவலுக்கு வச்சிட்டுத் தூங்கிட்டானா?"

அவள் எழுந்தாள். அவனை இழுத்துக்கொண்டு போய்க் காரில் போட்டு எங்காவது, எந்த ஊருக்காவது. ஒரு எட்டுதான். புகை ஜன்னலுக்குப் போகவில்லை. நேராக அவன் முகத்துக்கு வந்தது. அவன் இரண்டாக மடிந்தான். உருளையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, சத்தமே வராமல். உதடு நீலமானது.

உட்கார்ந்தாள்.

புகை நிமிர்ந்தது.

வெர்னன் மெல்ல நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்தான். குழியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முட்டாளில்லை அவன். கிடங்கில் தானியத்துக்குள் புதைந்த ஆட்களைக் கயிறு கட்டி இழுத்தவன்.

"ஆள் இருந்தா இது சும்மா இருக்கு" என்றான்.

"ஆமா."

"சரி, எழுந்திரு. நான் பாத்துக்குறேன். நீ உறைஞ்சு போயிட்ட."

"வேணாம்."

அவன் சிரித்தான். உருளையை இழுத்தபடி கம்பி வரைக்கும் வந்தான். உருளையில் ஒட்டியிருந்த மஞ்சள் எச்சரிக்கையைப் பார்த்தான். தீக்கும் உருளைக்கும் பத்தடி இடைவெளி. வாழ்க்கையில் ஒரு சட்டத்தையும் மீறாதவன். மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினான். சுருட்டினான். உருளையைக் கம்பிக்கு இந்தப் பக்கம், ஹோல்ட்டில், பத்திரமாக நிறுத்திவைத்தான்.

"வெர்ன், குழாயப் போடு. வேணாம். சத்தியமா வேணாம். நான் சும்மா சொல்லல."

"ரெண்டாச்சு" என்றான்.

கம்பியைத் தாண்டினான். மூச்சு அவன் தொண்டையில் கீறியது. அவள் கையைப் பிடித்தான். சுருண்ட விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினான்.

"இது இல்லாம ஒரு நிமிஷம் தாங்கும் எனக்கு. போ. சாவிய எடுத்துட்டு வா, கார்ல போயிரலாம். எழுந்திரு மார்லி."

சாவி. சமையலறைக் கதவோரக் கொக்கியில். போக, வர. காரைப் புல்வெளிக்கே கொண்டுவந்து, கதவைத் திறந்து, அவனை உள்ளே தள்ளி, கண்ணாடியை ஏற்றி. முடியும். ஒரு நிமிஷத்தில் முடியும். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அது மூன்றாவது தடவை.

"சரி" என்றது வாய். "ஒரு நிமிஷம்."

வெர்னன் உட்கார்ந்தான்.

அவள் கால் தரையிலிருந்து விடுபட்டது. பூட்ஸ் அங்கேயே நின்றது. வெறுங்காலில் பனிப்புல் பட்டது, படவில்லை. ஓடினாள். ஓடுவதாக நினைத்தாள். கால்கள் எங்கே வைப்பதென்று பார்த்துப் பார்த்து வைத்தன. பின்கதவு. சமையலறை. விளக்கைக் கை போட்டது. கொக்கி. சாவி. கை நீளவில்லை. கால்கள் கொக்கியைத் தாண்டின.

மேசை.

நாற்காலி.

உட்கார்ந்தாள்.

கைகள் மேசைமேல் போய்ப் பரந்தன. விரல்கள் நிமிர்ந்தன. ஒவ்வொன்றாக, வலியில்லாமல், தட்டையாக.

எழுந்திரு என்றாள். உடம்பிடம் சொன்னாள். எழுந்திரு.

ஜன்னலில் தீ தெரிந்தது. புகை நேராக மேலே போனது. கம்பிக்கு இந்தப் பக்கம் உருளை தனியாக நின்றது, சுருட்டிய குழாய் அதன் கழுத்தில். அந்தப் பக்கம் வெர்னன். அவன் இருமவில்லை. இந்த ஜன்னலைப் பார்த்தான். கையைத் தூக்கி ஆட்டினான். திரும்ப ஆட்டினான். பிறகு கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

அவள் வாயும் அசைந்தது. அது மட்டும்தான் அசைந்தது. ஒரு நிமிஷம் என்றது. மறுபடி, ஒரு நிமிஷம். கொக்கியில் சாவி மின்னியது.

ஒரு நிமிஷம் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெர்னனுக்கு அவள் தர வேண்டிய ஒரு நிமிஷம் பாக்கி.